பிரிக்காத பெட்டி

கல்லாற்றுக் காட்டில் சடையாண்டி என்றொரு பெருச்சாளி இருந்தது. தினை சேர்ப்பதில் அதற்கு ஈடு கிடையாது. பந்தயம் ஓடுவதிலும் அதற்கு ஈடு கிடையாது. நான் சொல்வது காலால் ஓடுகிற பந்தயம் இல்லை. அந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு அது எங்கே ஓடும்? இது கம்ப்யூட்டரில் ஓடுகிற பந்தயம்.

காட்டின் நடுவே பாழடைந்த விருந்தினர் மாளிகை ஒன்று இருந்தது. மனிதர்கள் அதைக் காலி செய்தபோது கூரைமேல் சூரிய மின்தகடுகளையும், கூடத்தில் ஒரு கம்ப்யூட்டரையும் மறந்து விட்டுவிட்டார்கள். மனிதர்களுக்கு மறதி கொஞ்சம் ஜாஸ்தி. கொம்பையா என்ற உடும்பு அதையெல்லாம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தினமும் காலையில் கூரைமேல் ஏறி, வாலால் தகடுகளைத் துடைக்கும். வெயில் தாழ்ந்ததும் கம்ப்யூட்டரைப் போடும். திரையில் பனிமலைப் பந்தயம் வரும். நாலு பேர் ஒரே நேரத்தில் மலைச்சரிவில் சறுக்குவண்டி ஓட்டலாம். வெயிலில் காய்ந்தே பழகிய நம் காட்டுக்காரர்களுக்கு அந்தப் பனியைப் பார்த்தாலே உச்சி குளிர்ந்துபோகும்.

விளையாட வருகிறவர்கள் வாசலில் இருக்கும் விளிம்பு உடைந்த சட்டியில் ஆளுக்கு ஒரு பிடி போடவேண்டும். அதுதான் அங்கே வழக்கம். பெருச்சாளி தினை போடும். முயல் கடலை போடும். முள்ளம்பன்றி கிழங்கு போடும். கௌதாரி ஏதாவது வண்டைப் பிடித்துக்கொண்டு வந்து போடும். வண்டுகளைக் கொம்பையா எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் அன்றைக்கு ஜெயித்தவருக்கு.

பாதி நாள் சடையாண்டிதான் ஜெயிக்கும். அதன் பெண்சாதி வெள்ளச்சிக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மற்றவர்களின் புருஷன்மார் விளையாடப் போனால் வெறுங்கையோடு வருவார்கள். தன் புருஷன் கன்னம் புடைக்கக் கடலையோடு வருகிறதே என்று அக்கம்பக்கத்து வளைகளுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லும்.

ஒரே ஒரு குறை. கம்ப்யூட்டருக்குள் இருந்து படத்தை வரைந்து திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் கார்டு அல்லவா? அங்கே இருந்தது கிழட்டுக் கார்டு. பனி என்று அது காட்டியது சுவரில் சுண்ணாம்பு அப்பியதுபோல் இருக்கும். வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் படத்துக்கு விக்கல் எடுக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் சிங்காரம் வந்தது. சிங்காரம் ஒரு குரங்கு. லாரிக் கூரையில் ஏறிப் பட்டணம் போய்ச் சரக்கு கொண்டுவந்து விற்கிற வியாபாரி. அன்றைக்கு அதன் கக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. பெட்டியைச் சுற்றிப் பளபளவென்று கண்ணாடித்தாள்.

"என்ன அண்ணாச்சி அது?" என்று கேட்டது சடையாண்டி.

"புதுக் கிராபிக்ஸ் கார்டு, தம்பி. பட்டணத்துல இப்பதான் இறங்கியிருக்கு. இதைப் போட்டா பனி ஒவ்வொரு துகளாத் தெரியும். வண்டி ஓட்டுறவன் மூச்சு விட்டா அதுகூட ஆவியாத் தெரியும்."

"விலை?"

"பத்துப் படி தினை."

சடையாண்டியின் வளையில் நாற்பது படி தினை இருந்தது. வாங்கியிருக்கலாம். ஆனால் அது தன்னை மகா புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்த பெருச்சாளி. புதுச் சரக்கு வந்த சூட்டில் விலை கொதிக்கும், நாலு நாள் போனால் தானே ஆறும் என்று கணக்குப் போட்டது. பழைய கார்டு அப்படித்தான் ஆறியது. அதனால் மூக்கை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

சிங்காரம் ஒரு மைனாவை வேலைக்கு வைத்திருந்தது. தினமும் காலையிலும், நடுவில் விலை மாறினால் அப்போதும், இலவமரத்து உச்சியில் உட்கார்ந்து விலையைக் கத்துவதுதான் அதன் வேலை. அடுத்த வாரம் மைனா கத்தியது.

"கார்டு பதினைந்து படி!"

சடையாண்டி விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. "என்ன அண்ணாச்சி, இறங்கவேண்டியது ஏறுது?"

"நான் என்ன செய்வேன், தம்பி? பட்டணத்துல யோசிக்கிற யந்திரம் கட்டுறாங்களாம். அதுக்கும் இதே மாதிரி சரக்குதான் வேணுமாம். மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போறாங்க. விளையாடுறவனுக்கு மிச்சம் மீதிதான்."

மறுவாரம் இருபத்திரண்டு. அதற்கும் மறுவாரம் முப்பது. சடையாண்டிக்குத் தின்றது செரிக்கவில்லை. பத்தில் வாங்காமல் போனோமே என்று ஒரு வருத்தம். நாளைக்கு நாற்பது ஆகிவிட்டால் ஜென்மத்துக்கும் வாங்க முடியாதே என்று ஒரு பயம். வருத்தமும் பயமும் சேர்ந்தால் புத்தி எங்கே நிற்கும்? முப்பது படி தினையை அளந்து கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வந்து சேர்ந்தது.

வெள்ளச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பெட்டியைப் பார்த்தது. "என்னங்க இது? இன்னும் இருபது நாள்ல நான் குட்டி போடணும். அடுத்தாப்பல அடைமழை. பத்துப் படியை வச்சுக்கிட்டு என்ன செய்யறது?"

"சிக்கனமா இருந்தா போதும், புள்ள. அதோட, இந்தக் கார்டைப் போட்டா தினமும் நான்தான் ஜெயிப்பேன். சட்டி நேரா நம்ம வீட்டுக்குத்தான் வரும்."

வெள்ளச்சி பெருமூச்சு விட்டது. "ஆசைப்பட்டு வாங்கிட்டீங்க. ஆசை தீர விளையாடவாவது செய்யுங்க" என்றது.

சாயங்காலம் விருந்தினர் மாளிகையில் கூட்டம் நெருக்கியடித்தது. முயல் முன்வரிசையில் இடம் பிடித்தது. முள்ளம்பன்றி பக்கத்தில் உட்கார யாரும் வராததால் அதற்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. கொம்பையா கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தது. சடையாண்டி பெட்டியை நடுவில் வைத்துக் கண்ணாடித்தாளைக் கடிக்க வாயைத் திறந்தது.

"கார்டு நாற்பது படி!" என்று வெளியே மைனா கத்தியது.

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

ஓரமாக நின்ற சிங்காரம் கிட்டே வந்து காதில் சொன்னது. "தம்பி, உன் நன்மைக்குச் சொல்றேன். பிரிச்சா அது பழசு. பழசை யார் சீந்துவா? பிரிக்காத பெட்டிக்குத்தான் நாற்பது. வாங்கி அரை நாள் ஆகலை, உனக்குப் பத்துப் படி லாபம். அதைப் போய்க் கடிக்கப் பார்க்கிறியே!"

சடையாண்டி வாயை மூடிக்கொண்டது. பெட்டியைத் திரும்பக் கக்கத்தில் இடுக்கியது.

"என்னப்பா, கார்டைப் போடலியா?" என்று கேட்டது கொம்பையா.

"இன்னிக்கு வேண்டாம் அண்ணே. நாள் நல்லா இல்லை."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

வளையில் மேட்டறை ஒன்று உண்டு. எந்த மழைக்கும் தண்ணீர் ஏறாத அறை. தினை இருப்பது அங்கேதான். சடையாண்டி தினையை வழித்துப் பள்ளத்தறைக்குத் தள்ளிவிட்டுப் பெட்டியை மேட்டறையில் வைத்தது. விலை உயர்ந்த சரக்குக்கு நல்ல இடம் வேண்டாமா? அதோடு நிற்கவில்லை. தானும் பெட்டிமேலேயே படுத்துக்கொண்டது. திருடர் பயம்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். பெருச்சாளிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துக்கொண்டே இருந்தால்தான் அதற்குச் சுகம். அட்டைப்பெட்டி என்றால் அதற்கு, நமக்குச் சூடான வடை மாதிரி. அந்த அட்டைமேல் படுத்துக்கொண்டு கடிக்காமல் இருக்கவேண்டுமென்றால்! பல் நமநமவென்று நமைக்கும். சடையாண்டி தன் வால் நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளும்.

பந்தயத்துக்கும் போகவில்லை. போனால் பெட்டிக்கு யார் காவல்? இரை தேடவும் அதிகம் போகவில்லை. காலையில் மைனா கத்துவதைக் கேட்பதுதான் அதற்குப் பலகாரம். நாற்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்தெட்டு.

"கேட்டியா புள்ள? நாம பணக்காரங்க ஆயிட்டோம்."

"ஆமா, பணக்காரங்க வீட்டுலதான் ஒரு வேளை சாப்பாடு" என்றது வெள்ளச்சி.

சடையாண்டியைப் பார்த்து முயலும் தன் கடலையெல்லாம் கொடுத்து ஒரு பெட்டி வாங்கியது. முள்ளம்பன்றியும் கிழங்கையெல்லாம் கொடுத்து ஒன்று வாங்கியது. யாரும் பிரிக்கவில்லை. ஆளுக்கொரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்கள். நல்ல பந்தயக்காரர்கள் வராததால் மற்றவர்களுக்கும் சுவாரசியம் போய்விட்டது. கொம்பையா மட்டும் தினமும் கூரையேறித் தகடு துடைத்தது.

இருபதாம் நாள் வெள்ளச்சி ஆறு குட்டி போட்டது. அன்றைக்கே மழையும் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. பள்ளத்தறைக்குள் தண்ணீர் புகுந்து, மிச்சமிருந்த தினை ஊறி, நொதித்து, நாற்றம் எடுத்துவிட்டது. மேட்டறையில் பெட்டி காய்ந்து கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

தினையைப் பார்த்தது சடையாண்டி. குட்டிகளைப் பார்த்தது. பால் குறைந்துபோய் அவை முட்டி முட்டி அழுதன.

"கவலைப்படாதே புள்ள. வித்துட்டு வந்துடறேன். அறுபது படி போகுது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

முயல் வீட்டுக்குப் போனது. "அறுபது படிச் சரக்கு. உனக்குன்னா ஐம்பதுக்குத் தர்றேன்" என்றது.

முயல் தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தது. காது இரண்டும் தொங்கிப்போயிருந்தன. "நானே விக்கத்தான் ஆள் தேடிட்டிருக்கேன். நாற்பத்தஞ்சுக்குத் தர்றேன், நீ எடுத்துக்கிறியா?"

முள்ளம்பன்றி கதவையே திறக்கவில்லை. உள்ளேயிருந்தபடி "என் பெட்டி வேணுமா?" என்று மட்டும் கேட்டது.

கடைசியில் சிங்காரத்தின் ஆலமரத்துக்குப் போனது. மரப்பொந்தில் ஒரு பரண். பரண் முழுக்கத் தினை, கடலை, கிழங்கு. சிங்காரம் நடுவில் சாய்ந்து உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, அறுபது வேண்டாம். நான் கொடுத்த முப்பதைக் கொடுங்க. போதும்."

"தம்பி, நான் விக்கிறவன். வாங்குறவன் இல்லை."

"அப்ப மைனா கத்துற அறுபது யாரு கொடுக்கிற விலை?"

"வாங்குறவன் கொடுக்கிற விலை."

"வாங்குறவன்கிட்ட தினை எங்கே இருக்கு? எல்லாம் உங்க பரண்ல இல்ல இருக்கு?"

சிங்காரம் தலையைச் சொறிந்தது. கெட்ட மனசு என்று சொல்லமுடியாது; அதற்கும் அப்போதுதான் அது தோன்றியிருக்கும்போல. "அதாம்ப்பா சிக்கலே" என்று சொல்லி, நாலு கடலையை எடுத்து நீட்டியது. சடையாண்டி வாங்கிக்கொண்டது. ரோஷம் பார்க்கிற நிலையிலா இருந்தது அது?

நனைந்த வாலோடு வீட்டுக்கு வந்து, கடலையை வெள்ளச்சி முன்னால் வைத்தது. பெட்டியை இறக்கியது. அந்த நேரம் பார்த்து மைனா கத்தியது.

"கார்டு அறுபத்தைந்து படி!"

வெள்ளச்சிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அஞ்சு படி ஏறியிருக்காம். காதால கேட்டாச்சு. இனி வாயில போட்டுக் கொறிங்க" என்றது.

சடையாண்டிக்கு உடம்பே கூசியது. முப்பது படியைக் கொடுத்து வாங்கிய பொருளில் முப்பது நிமிஷச் சந்தோஷம்கூட இல்லை. பந்தயம் போச்சு, சட்டி போச்சு, கொறிக்கிற சுகம்கூடப் போச்சு. பெட்டிக்குள் இருக்கும் கார்டு எப்படி இருக்கும் என்றுகூட அதற்கு இன்னமும் தெரியாது. இதையெல்லாம் நினைத்துக் குன்றிப்போய் உட்கார்ந்திருக்கும்போது வளை வாசலில் நிழல் தட்டியது. கொம்பையா வந்திருந்தது.

உடும்பு வந்தால் எலி வகையறா ஓட்டம் பிடிப்பதுதான் உலக வழக்கம். ஆனால் கொம்பையா பந்தயத்தின் மேல் பைத்தியமாகி, பந்தயக்காரர்களைத் தின்பதை விட்டு வருஷம் மூன்றாகிறது. குட்டிகளை எட்டிப் பார்த்து, "மூக்கு அப்படியே அப்பன் மூக்கு" என்றது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"சடையாண்டி, பழைய கார்டு போயிடுச்சுப்பா. ஈரம் ஏறி, குப்புனு புகை வந்து அணைஞ்சிருச்சு. விட்டு விட்டு வெயில் அடிக்கறதால பாட்டரி நிறைஞ்சு கிடக்கு. மழைக்கு ஒதுங்கி அம்பது அறுபது பேர் கூடத்துல சும்மா உட்கார்ந்திருக்காங்க. திரையில படமில்லை. உன்னோடதைக் கேட்க வரலை, அது அறுபத்தஞ்சு படிச் சரக்கு. மனசு கேக்கலை, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சடையாண்டி பெட்டியைப் பார்த்தது. பிறகு வெள்ளச்சியைப் பார்த்தது.

"என்னைப் பார்க்காதீங்க. விளையாடவாவது செய்யுங்கன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றது வெள்ளச்சி.

"வாங்க அண்ணே, போகலாம்."

விருந்தினர் மாளிகைக் கூடத்தில் உட்கார இடமில்லை. கார்டு வாங்காதவர்கள்தானே காட்டில் அதிகம்? அணில், கௌதாரி, காட்டுக்கோழி, கீரி எல்லாம் ஈரம் சொட்ட உட்கார்ந்திருந்தன. சடையாண்டி பெட்டியை நடுவில் வைத்தது. விஷயம் கேள்விப்பட்டு சிங்காரம் மழையில் தாவித் தாவி ஓடி வந்தது.

"தம்பி, பிரிக்காதே! அடுத்த வாரம் எழுபது!"

"எழுபதுக்கு நீங்க வாங்கிக்கிறீங்களா அண்ணாச்சி? வேண்டாம், இப்ப ஏழு படிக்கு?"

சிங்காரம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றது.

சடையாண்டி குனிந்து கடித்தது. இருபது நாளுக்கு மேலாக நமநமத்த பல்லாயிற்றே! கண்ணாடித்தாள் சரசரவென்று கிழிந்தது. அட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. ஆகா, அந்தச் சுகத்தை எந்தப் பெருச்சாளியிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தேவைக்கு மேலேயே நாலு கடி கடித்துக்கொண்டது.

கார்டு வெளியே வந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த நொடி கொம்பையா நாக்கை நீட்டிவிட்டது. கார்டு அவ்வளவு நீளம். கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள் நுழையாமல் முன்பக்கப் பிளாஸ்டிக்கில் இடித்தது.

"போச்சுடா. பிரிச்சும் ஆச்சு, உள்ளே போகவும் இல்லை" என்று முனகியது சிங்காரம்.

"பெருச்சாளிக்குப் பல் எதுக்கு இருக்கு?" என்றது சடையாண்டி. முன்பக்கப் பிளாஸ்டிக்கை வட்டமாகக் கொறித்து ஒரு சந்து உண்டாக்கியது. கார்டு மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. கொம்பையா வயரைச் செருகி, வாலால் பொத்தானை அமுக்கியது.

திரையில் மலை வந்தது. பனி வந்தது. ஒவ்வொரு துகளாக, மெதுவாக, ஒன்று இன்னொன்றைத் தொடாமல் இறங்கியது. காட்டுக்கோழிக்குக் குளிரே எடுத்துவிட்டது, இறகைச் சிலிர்த்துக்கொண்டது.

பந்தயம் தொடங்கியது. சடையாண்டி, கீரி, அணில், கௌதாரி நாலு பேர். முதல் வளைவிலேயே நாலு வண்டியும் பள்ளத்தில் விழுந்தன. யாரும் பாதையைப் பார்க்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பனியைப் பார்த்தார்கள். அடுத்த நாலு பேர் வந்தார்கள். அவர்களும் பள்ளத்தில்தான். அன்றைக்கு ஒருத்தர்கூட மலையடிவாரம் போய்ச் சேரவில்லை. விழுந்து விழுந்து சிரித்ததுதான் மிச்சம்.

போகும்போது கொம்பையா சட்டியைப் பார்த்தது. அறுபது பேர் போட்ட பிடி அறுபது. விளிம்பு தாண்டிக் கொட்டிக்கிடந்தது.

"இன்னிக்கு யாரும் ஜெயிக்கலை. வண்டு எனக்கு. மீதி கார்டு கொண்டுவந்தவருக்கு. ஆட்சேபணை உண்டா?"

யாருக்கும் இல்லை. கீரியே முன்வந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு சடையாண்டியோடு வளை வரைக்கும் வந்தது. வெள்ளச்சி வயிறு நிறையத் தின்றது. ஆறு குட்டிகளும் வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்று படுத்து உறங்கின. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சடையாண்டிக்குக் கண் கலங்கியது. வெள்ளச்சி அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் பந்தயம்தான். சடையாண்டி சில நாள் ஜெயித்தது, சில நாள் தோற்றது. மழை முடிந்தபோது வெள்ளச்சி குட்டிகளையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தது. ஒரு குட்டி அப்பன் தோளில் ஏறி நின்றுகொண்டு திரையில் விழுகிற பனியைக் கையால் பிடிக்கப் பார்த்தது.

அப்போது இலவமரத்து உச்சியில் மைனா கத்தியது. "அதைவிடப் புதுக் கார்டு வந்தாச்சு! பழைய கார்டு எட்டுப் படி! எட்டே படி!"

தூரத்தில் எங்கோ முயல் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"என்னங்க, நம்ம கார்டு எட்டுப் படியாம்" என்றது வெள்ளச்சி.

சடையாண்டிக்குக் காதில் விழவில்லை. கடைசி வளைவு. முன்னால் கீரி. பனி கொட்டிக்கொண்டிருந்தது. "இரு புள்ள, இரு, பிடிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அது வண்டியை ஒடித்துத் திருப்பியது.

பொருளின் மதிப்பு அதைப் பயன்படுத்துகிறவனுக்குத்தான் கிடைக்கும். பிரிக்காமல் காவல் காப்பவனுக்கு அதன் விலை காதில் விழுவதோடு சரி.